பாதியில் நிற்கும் வாக்கியம்: உஸ்மானிய எழுத்துக்கலையும் ஆல்பப் பக்கங்களும்

உஸ்மானியர் (துருக்கியை மையமாகக் கொண்டு ஆண்ட ஒட்டோமான் பேரரசினர்) காலத்து ஆல்பப் பக்கம் ஒன்றை அரபி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால், பல சமயம் அவர் கடைசி வரியில் திகைத்து நிற்பார். வாக்கியம் முடிந்திருக்காது. ஒரு நபிமொழி தொடங்கும், நடுவில் ஏதோ ஒரு சொல்லில் அறுந்துபோகும். அதைச் சுற்றிலும் தங்கப் பூக்கொடிகள், சலவைக்கல் போல வண்ணம் சுழலும் காகிதம், மயிரிழை போன்ற சட்டக் கோடுகள். இவ்வளவு உழைப்பைக் கொட்டி அலங்கரித்தவர்கள் வாக்கியத்தை மட்டும் ஏன் முடிக்காமல் விட்டார்கள்?

அலட்சியம் காரணமில்லை. அந்தப் பக்கம் எதற்காகச் செய்யப்பட்டது என்பது தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும். அதற்கு எழுத்து எப்படி உருவானது, பக்கம் எப்படி உருவானது என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கலையைப் பற்றிப் பொத்தாம் பொதுவாகப் பேசுகிறோம்.

## அடிக்கடி காதில் விழும் மூன்று கருத்துகள்

"இஸ்லாத்தில் உருவம் வரையக் கூடாது, அதனால் எழுத்தை ஓவியமாக்கிவிட்டார்கள்" என்பது முதல் கருத்து. பள்ளிவாசலுக்குள்ளும் குர்ஆன் பிரதியிலும் உருவம் வராது என்பது உண்மைதான். ஆனால் உஸ்மானிய அரண்மனையில் ஓவியர்கள் நிறையவே இருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் நக்காஷ் உஸ்மானும், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெவ்னியும் சுல்தான்களையும் திருவிழாக்களையும் கூட்டம் கூட்டமாக மனிதர்களையும் வரைந்தார்கள். பல ஆல்பங்களில் எழுத்தும் மனித உருவமும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. ஓவியம் கிடைக்காததால் எழுத்துக்கு வந்தவர்கள் அல்ல இவர்கள். எழுத்தை ஓவியத்தைவிட உயர்ந்ததாக மதித்தவர்கள்.

"எல்லாமே குர்ஆன் வசனம்" என்பது இரண்டாவது. வசனங்களும் நபிமொழிகளும் அதிகம்தான். ஆனால் பாரசீகக் காதல் கவிதையும், துருக்கிக் கவிதையும், அரசாணையும், கட்டடம் கட்டிய ஆண்டைச் சொல்லும் செய்யுளும் இதே கைகளால் எழுதப்பட்டவை. எழுத்து அரபு எழுத்து. மொழி அரபியாகவும் இருக்கலாம், துருக்கியாகவும் இருக்கலாம், பாரசீகமாகவும் இருக்கலாம். நமக்கு இது புதிதல்ல. தமிழ் முஸ்லிம்கள் அர்வி என்ற பெயரில் தமிழை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பார்த்தால் அரபி, வாசித்தால் தமிழ். துருக்கி மொழியும் 1928 வரை அப்படித்தான் எழுதப்பட்டது.

மூன்றாவது கருத்துதான் அதிகம் குழப்புவது. "அந்த எழுத்தே வளைவு நெளிவாக இருப்பதால், கை போன போக்கில் எழுதினாலே அழகாகிவிடும்" என்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர்.

## கை போன போக்கு கிடையாது, புள்ளிதான் அளவுகோல்

கோலம் போடும்போது முதலில் புள்ளி வைக்கிறோம். அதை வைத்துத்தான் வளைவு எவ்வளவு தள்ளிப் போகலாம், எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தெரிகிறது. புள்ளி தப்பினால் கோலம் கோணும். உஸ்மானிய எழுத்திலும் புள்ளிதான் அளவு. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே புள்ளிகளைத் தாளில் வைத்துவிட்டு எழுதுவதில்லை. அவை எழுதுபவரின் கண்ணிலும் கையிலும் இருக்கின்றன.

பேனா நாணலால் ஆனது. முனையைச் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு பிளவு கொடுப்பார்கள். அந்த முனையைத் தாளில் வைத்துச் சற்றே இழுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அதன் அகலம் பேனா முனையின் அகலம். இனி எல்லா எழுத்துக்கும் அந்தப் புள்ளியே அங்குலம். அலிஃப் என்ற நேர்கோட்டு எழுத்து இத்தனை புள்ளி உயரம், கிண்ணம் போன்ற வளைவு இத்தனை புள்ளி அகலம், இரண்டு எழுத்துகளுக்கு இடைவெளி இத்தனை புள்ளி என்று கணக்கு இருக்கிறது. பெரிய எழுத்து வகை ஒன்றில் அலிஃப் ஏறக்குறைய 7 புள்ளி உயரம். ஆசிரியர் மரபைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அளவுகோல் பேனாவுக்குள்ளேயே இருப்பதால், பேனா பெரிதானால் எழுத்து முழுவதும் அதே விகிதத்தில் பெரிதாகும். உள்ளங்கை அளவுத் தாளுக்கும் பள்ளிவாசல் சுவருக்கும் ஒரே இலக்கணம்தான். இந்த விகித முறைக்கு அடித்தளம் போட்டவராக மதிக்கப்படுபவர் பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா. 940-இல் இறந்தவர். அதாவது உஸ்மானியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுக்கும் மேல் முன்பே இலக்கணம் பிறந்துவிட்டது.

உஸ்மானியர் இந்தக் கலையை ஹுஸ்னி ஹத் என்றார்கள். அழகிய எழுத்து என்று பொருள். ஹத் என்ற சொல்லுக்குக் கோடு என்ற பொருளும் உண்டு. இந்தக் கலையைத் தொழிலாகக் கொண்டவர் ஹத்தாத்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எழுத்து அரபு எழுத்து, மொழி எதுவாகவும் இருக்கலாம். அதன் அழகு பேனா முனையின் புள்ளியால் அளக்கப்பட்ட விகிதத்திலிருந்து வருகிறது.

## பெரிய எழுத்து, சின்ன எழுத்து

ஆறு எழுத்து வகைகள் செவ்வியல் வகைகளாகக் கருதப்பட்டன. ஆறையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, இரண்டு போதும். செய்தித்தாளைப் பாருங்கள்: தலைப்பு ஒரு எழுத்தில், செய்தி ஒரு எழுத்தில். தலைப்பு எழுத்தின் இடத்தில் இருப்பது சுலுஸ். உயரமானது, வளைவுகள் ஆழமானது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். செய்தி எழுத்தின் இடத்தில் இருப்பது நஸ்க். சிறியது, தெளிவானது, குர்ஆன் பிரதிகள் பெரும்பாலும் இதில்தான். நஸ்க் பேனா சுலுஸ் பேனாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அகலம்.

இந்த இரண்டோடு, பாரசீகத்திலிருந்து வந்த சாய்வான எழுத்து ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கவிதைக்கு உகந்தது. உஸ்மானியர் அதைத் தஅலீக் என்றார்கள்.

சுல்தானின் முத்திரையான துக்ராவையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதைப் பலர் பறவை என்றோ கப்பல் என்றோ நினைக்கிறார்கள். அது ஒரு பெயர், அவ்வளவுதான். 16-ஆம் நூற்றாண்டு சுல்தான் சுலைமானின் துக்ராவில் இருப்பது "சலீம் ஷாவின் மகன் சுலைமான் ஷா கான், என்றும் வெற்றி பெறுபவர்" என்ற பொருள் தரும் சொற்கள். மேலே மூன்று செங்குத்துக் கோடுகள், இடப்பக்கம் இரண்டு முட்டை வடிவ வளையங்கள் என்று அந்தச் சொற்களை அடுக்கியிருப்பார்கள். அரசாணையின் தலையில் இதை வரைவதற்கென்றே அதிகாரி ஒருவர் இருந்தார்.

## சரளி வரிசை போல ஒரு பாடமுறை

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இந்தப் பகுதி உடனே புரியும். முதலில் சரளி வரிசை, அப்புறம் ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று போகிறோம். எடுத்தவுடன் கீர்த்தனை கிடையாது. ஹத் பாடமும் அப்படித்தான்: முதலில் தனி எழுத்துகள், பிறகு இரண்டிரண்டாகச் சேர்ந்த எழுத்துகள், பிறகு முழு வாக்கியங்கள். குரு ஒரு வரி எழுதிக் கொடுப்பார். மாணவர் அதைப் பார்த்து நூறு முறை எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வருவார். குரு தவறான எழுத்துக்குக் கீழே சரியான வடிவத்தை எழுதி, அளவைப் புள்ளிகளால் காட்டுவார். இந்தப் பயிற்சிக்கு மெஷ்க் என்று பெயர். உஸ்மானிய இசையைக் குருவிடம் கேட்டுக் கேட்டுக் கற்பதற்கும் இதே சொல்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தனி எழுத்துகளுக்கும் முன்னால், முதல் பாடமாக வருவது ஒரு பிரார்த்தனை வரி: "இறைவா, எளிதாக்கு, கடினமாக்காதே, நன்மையோடு முடித்துவை." இந்த ஒரு வரியிலேயே மாதக்கணக்கில் நின்றவர்கள் உண்டு.

பல ஆண்டுகள் கழிந்து குரு திருப்தியடைந்தால் இஜாஸத் கிடைக்கும். இஜாஸத் என்றால் தன் எழுத்துக்குக் கீழே தன் பெயரைப் போட அனுமதி. பழைய மேதை ஒருவரின் எழுத்தை மாணவர் பார்த்து எழுத, அதே தாளின் அடியில் குருமார்கள் "இவருக்கு அனுமதி தந்தோம்" என்று எழுதுவார்கள். அதற்குப் பிறகுதான் "இதை எழுதியவர்" என்று பொருள்படும் கதபஹு என்ற சொல்லோடு கையெழுத்துப் போடலாம். அதுவரை எவ்வளவு அழகாக எழுதினாலும் பெயர் கிடையாது.

பயிற்சிக்காக ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப, ஒன்றன்மேல் ஒன்றாக, தாளே கருத்துப்போகும்வரை எழுதுவதும் உண்டு. அந்தத் தாளுக்குக் கரலமா என்று பெயர், கருப்பாக்கியது என்று பொருள். அதில் வாசிக்க எதுவுமே இல்லை. ஆனாலும் அதைத் தூக்கி எறியவில்லை. பத்திரப்படுத்தினார்கள், சுற்றிலும் தங்கம் பூசினார்கள். முதலில் கேட்ட கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் வந்துவிட்டது.

## மை ஏன் தாளில் ஊறவில்லை?

மட்டமான நோட்டுத் தாளில் ஃபவுண்டன் பேனாவால் எழுதினால் மை ஊறிப் பரவும். எழுத்தின் ஓரம் மயிர் மயிராகப் பிரியும். உஸ்மானிய எழுத்தில் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறதே, எப்படி?

தாளுக்கு மேல் ஒரு பூச்சு இருக்கிறது. முதலில் பதப்படுத்தாத தாளைத் தேயிலை, வெங்காயச் சருகு போன்றவற்றின் சாற்றில் நனைத்து இளநிறம் ஏற்றுவார்கள்; வெள்ளை கண்ணை உறுத்தும் என்பது காரணம். பிறகு படிகாரம் சேர்த்து அடித்த முட்டை வெள்ளைக்கருவையோ மாவுக் கஞ்சியையோ பூசுவார்கள். இதுதான் அஹார். காய்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, ஓராண்டாவது சும்மா வைத்திருப்பார்கள். இப்படிப் பக்குவப்பட்ட தாளில் மை உள்ளே இறங்காது, மேலேயே உட்காரும். பேனாவும் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு போகும்.

மை விளக்குக் கரியும் வேலம்பிசின் வகைப் பிசினும் சேர்ந்தது. இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளிவாசலின் எண்ணெய் விளக்குகளிலிருந்து எழும் புகை காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுக்கப்பட்டு, அங்கே படிந்த கரியே நல்ல மைக்கு எடுக்கப்பட்டது என்பார்கள். இந்த மை தண்ணீர் பட்டால் கரையும். தாளுக்குள் ஊறாமல் மேலே இருப்பதால், தவறு செய்தால் ஈரம் தொட்டுத் துடைக்கலாம், கத்தி முனையால் சுரண்டலாம். சிறுவர்கள் நாக்காலேயே நக்கி அழிப்பார்களாம். துருக்கி மொழியில் இன்றும் படித்தவரை "மை நக்கியவர்" என்று சொல்லும் வழக்கு இருக்கிறது!

வரி நேராக வருவதற்கும் ஒரு வழி இருந்தது. அட்டை ஒன்றில் நூல்களை இழுத்துக் கட்டி, அதன்மேல் தாளை வைத்து விரலால் அழுத்தினால் தாளில் நூலின் தடம் மட்டும் விழும். நான்கு கோட்டு நோட்டுப் போலத்தான், ஆனால் மையில்லாத கோடு.

சுருக்கமாக, எழுத்தின் கூர்மைக்குப் பின்னால் நாணல், கரி, முட்டை வெள்ளைக்கரு, பொறுமையாகப் பழுக்க வைத்த தாள் எல்லாம் இருக்கின்றன. தாள் தயாராகும் காலம் எழுதும் நேரத்தைவிடப் பல மடங்கு நீண்டது.

## யாருடைய கை?

"குர்ஆன் மக்காவில் இறங்கியது, கெய்ரோவில் ஓதப்பட்டது, இஸ்தான்புல்லில் எழுதப்பட்டது" என்று ஒரு பழமொழி உண்டு. அந்தப் பெயரை இஸ்தான்புல்லுக்கு வாங்கித் தந்தவர்களின் வரிசை ஷேக் ஹம்துல்லாவிடம் தொடங்குகிறது. அமாஸ்யா ஊர்க்காரர். அங்கே ஆளுநராக இருந்த இளவரசர் பாயஸீதுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தார். 1481-இல் பாயஸீது சுல்தானானதும் குருவைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார். அதுவரை எல்லோரும் பார்த்து எழுதியது, 1298-இல் இறந்த பாக்தாத் மேதை யாகூத்தின் எழுத்தை. ஹம்துல்லா யாகூத்தின் சிறந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு 40 நாள் தனிமையில் அமர்ந்து, அவற்றிலிருந்து தன் பாணியை வடித்தெடுத்தார் என்பது மரபு.

அடுத்து 1642 முதல் 1698 வரை வாழ்ந்த ஹாஃபிஸ் உஸ்மான். ஹம்துல்லாவின் பாணியை இன்னும் சலித்து எளிமையாக்கியவர். சுல்தான் இரண்டாம் முஸ்தபா இவரிடம் பாடம் கேட்டபோது குரு எழுத, மைக்கூட்டைத் தன் கையில் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அவருடைய தம்பி மூன்றாம் அஹ்மதுவும் இவர் மாணவர்தான். சுல்தானாக இருந்தபடியே தேர்ந்த ஹத்தாத்தாகவும் விளங்கினார். பெண்களும் இந்த வரிசையில் உண்டு. எஸ்மா இப்ரத் ஹனும் 1795-இல், பதினைந்து வயதளவில் எழுதிய பக்கம் இன்றும் போற்றப்படுகிறது.

பெரிய சுவரெழுத்தை முழுமைக்குக் கொண்டுவந்தவர் 1826-இல் இறந்த முஸ்தபா ராக்கிம். இஸ்தான்புல்லின் ஆயா சோபியா பள்ளிவாசலுக்குள் தொங்கும் பிரம்மாண்ட வட்டப் பலகைகள் அவருக்குப் பிந்தியவை. கஸஸ்கெர் முஸ்தபா இஸ்ஸத் எழுதியவை, ஒவ்வொன்றும் 7.5 மீட்டர் விட்டம்.

## முரக்கா: ஒட்டுப்போட்ட பக்கம்

இப்போது பக்கத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் இந்தக் கலையிலேயே மிக அழகான பகுதி.

ஹத்தாத் எழுதியது பெரும்பாலும் ஒரு சின்னத் துண்டுத் தாள். மேலே சுலுஸில் ஒரு வரி. அதன் கீழே நஸ்க்கில் நான்கைந்து வரிகள், மேல் வரியைவிட அகலம் குறைவு. சில சமயம் அடியில் மறுபடியும் ஒரு சுலுஸ் வரி. இப்படி அமைந்த துண்டுக்குக் கித்ஆ என்று பெயர், துண்டு என்றே பொருள். நஸ்க் வரிகள் குறுகியிருப்பதால் இருபுறமும் காலிக் கட்டங்கள் விழும். மேலே தோள் போல நீண்ட வரி, கீழே இரு பக்கமும் பள்ளம். அந்தக் கட்டங்களின் பெயர் கோல்துக்; துருக்கியில் அக்குள் என்று அர்த்தம். பக்கத்தை உடம்பாகப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் ஆல்பத்தின் பெயர் முரக்கா. இது அரபிச் சொல், பொருள், ஒட்டுப்போட்டது. சூஃபிகள் உடுத்திய, துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த அங்கிக்கும் இதே பெயர்தான். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவதை நாம் குறையாக நினைக்கிறோம். அவர்களோ மிக உயர்ந்த பொக்கிஷத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். முதலில் ஹெராத், தப்ரீஸ் போன்ற கிழக்கு நகரங்களின் அவைகளில் வளர்ந்த இந்த வழக்கம் உஸ்மானியரிடமும், இந்தியாவில் மொகலாயரிடமும் போய்ச் சேர்ந்தது.

செய்முறை இதுதான். முதலில் பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி அட்டை செய்வார்கள். ஒரு தாளின் இழை நெடுக்காகப் போனால் அடுத்ததன் இழை குறுக்காக இருக்கும். பின்னாளில் அட்டை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இது வழி. ஒட்டுப்பலகையின் தத்துவமும் இதேதான். பசையில் படிகாரம் சேர்ப்பார்கள், பூச்சி அண்டாது. அந்த அட்டையின்மேல் எழுத்துத் துண்டை ஒட்டுவார்கள். ஒட்டு வாய் தெரியாமலிருக்க அதன்மேல் தங்கக்கோடும் கருங்கோடும் இழுப்பார்கள். அப்புறம் வெளி விளிம்புக்கு வேறு காகிதம், கோல்துக் கட்டங்களுக்குப் பூவேலை. கடைசியில் அட்டைகளின் ஓரங்களை ஒன்றோடொன்று கீல் போலச் சேர்த்தால், ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரியும் ஆல்பம் தயார். சில ஆல்பங்கள் சாதாரணப் புத்தகம் போலவும் கட்டப்பட்டன.

ஆல்பங்கள் இரண்டு விதம். ஒரே ஹத்தாத் ஒரே உரையைத் தொடர்ச்சியாகப் பல துண்டுகளில் எழுதியது ஒரு விதம். இதில் துண்டின் அளவு முதலிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடும். இடம் முடியும் இடத்தில் வாக்கியம் நிற்கும், மீதி அடுத்த துண்டில் வரும். வெவ்வேறு காலத்து, வெவ்வேறு கைகளின் துண்டுகளைத் தேடிச் சேர்த்தது இன்னொரு விதம். காலப்போக்கில் தொடர் ஆல்பங்கள் பிரிக்கப்பட்டு, தனித்தனித் துண்டுகளாகக் கைமாறின. வாக்கியத்தின் தலை ஒரு வீட்டில், வால் இன்னொரு வீட்டில்.

பாதி வாக்கியத்தின் முழு விடை இதுதான். வாங்கியவருக்கும் சேகரித்தவருக்கும் அந்த நபிமொழி மனப்பாடமாகத் தெரியும். செய்தியைத் தெரிந்துகொள்ள அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. ஹாஃபிஸ் உஸ்மானின் கை ஒரு வளைவை எப்படி முடித்தது என்று பார்க்கத் திறந்தார். சொல் பாதியில் நின்றாலும் அந்த வளைவு முழுமையாக இருக்கிறதே!

இந்த ஒட்டுவேலை எடுபிடி வேலை என்றும் நினைத்துவிட வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் முதலாம் அஹ்மதுவுக்காக ஓர் ஆல்பத்தைத் தொகுத்த கலெந்தர், காகிதங்களை இணைக்கும் திறமைக்காகவே பேர் பெற்றவர். பாஷா பட்டம் வரை உயர்ந்தவர். எதை எதன் பக்கத்தில் வைப்பது, எந்த நிறத்துக்கு எது ஒத்துப்போகும் என்று தீர்மானிப்பதும் ஒரு படைப்பாகவே கருதப்பட்டது. அதற்கு முன்பே, 1572–73-இல், அப்போது இன்னும் அரியணை ஏறியிராத இளவரசர் முராதுக்காக (பின்னாளில் சுல்தான் மூன்றாம் முராது) ஓர் ஆல்பம் தொகுக்கப்பட்டது. இன்று வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் வண்ணத் தாள்களைக் கத்தரித்து ஒட்டிய பூந்தோட்டம் ஒன்று இருக்கிறது. காகிதத்தாலேயே மலர்ந்த தோட்டம்.

சுருக்கம்: கித்ஆ என்பது ஒரு எழுத்துத் துண்டு. முரக்கா என்பது அத்தகைய துண்டுகளை ஒட்டி, விளிம்பு கட்டி, சேர்த்து வைத்த ஆல்பம். எழுதியவர் வேறு, ஒட்டியவர் வேறு, பூவேலை செய்தவர் வேறு. இவர்களுக்கு நடுவே நூறு ஆண்டு இடைவெளியும் இருக்கலாம்.

## தங்கமும் தண்ணீரில் மிதந்த நிறமும்

பூவேலைக்குத் தெஸ்ஹிப் என்று பெயர். தங்கத்தைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது, பொன்னாக்குதல் என்று வைத்துக்கொள்ளலாம். தங்கத் தகட்டைப் பிசினோடு, அல்லது தேனோடு, தட்டில் போட்டு விரலால் மணிக்கணக்கில் குழைப்பார்கள். கழுவித் தெளியவைத்தால் அடியில் பொன்தூள் தங்கும். அதைத் தூரிகையால் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்தால் பளபளக்கும். தேய்க்காமல் விட்டால் மங்கலாக இருக்கும். ஒரே தங்கத்தில் இரண்டு நிறம் வருவது இப்படித்தான். துலிப், கார்னேஷன், ரோஜா என்று தோட்டத்துப் பூக்களை அப்படியே தாளுக்குக் கொண்டுவந்தது 16-ஆம் நூற்றாண்டு அரண்மனை ஓவியர் காரா மெமியின் பாணி.

விளிம்பில் சலவைக்கல் போல ஓடும் காகிதம் எப்ரு. தட்டில் தண்ணீரை ஒரு செடிப்பிசினால் கொழகொழப்பாக்கி, அதன்மேல் நிறங்களைத் தெளிப்பார்கள். நிறத்தில் மாட்டுப் பித்தம் கலந்திருக்கும். அதனால்தான் நிறம் மூழ்காமல் பரவி மிதக்கிறது, பக்கத்து நிறத்தோடு கலந்துவிடாமலும் இருக்கிறது. ஊசியால் இழுத்து வடிவம் கொடுத்து, தாளை மெல்ல மேலே படுக்கவைத்து எடுத்தால் வடிவம் தாளுக்கு வந்துவிடும். ஒரு வடிவம், ஒரே ஒரு தாள். 18-ஆம் நூற்றாண்டில் ஆயா சோபியாவில் பிரசங்கியாக இருந்த மெஹ்மெத் எஃபெந்தியின் நினைவாக ஒரு வகை இன்றும் ஹத்திப் எப்ரு என்றே அழைக்கப்படுகிறது.

எழுத்துக்காரரின் கை எவ்வளவு கட்டுப்பாடானதோ, எப்ரு அவ்வளவு கட்டுக்கடங்காதது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே ஒட்டியவரின் ரசனையை நான் எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன்.

## இன்று

1928-இல் துருக்கி இலத்தீன் எழுத்துக்கு மாறியது. அரசாணை, புத்தகம், கடைப் பலகை எதற்கும் ஹத்தாத் தேவையில்லை என்று ஆனது. ஆனாலும் 1982 வரை வாழ்ந்த ஹாமித் அய்தாச் போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அவர் பெயரில் 1986-இல் இஸ்தான்புல்லில் சர்வதேச எழுத்துப் போட்டி தொடங்கியது. எப்ருவை 2014-இலும், ஹுஸ்னி ஹத்தை 2021-இலும் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இஜாஸத் இன்றும் வழங்கப்படுகிறது.

இணையத்திலோ, இஸ்தான்புல்லின் தொப்காபி அரண்மனை, சாகிப் சபான்ஜி அருங்காட்சியகம் போன்ற இடங்களிலோ இப்படி ஒரு பக்கத்தைப் பார்க்க நேர்ந்தால், தங்கத்தைச் சற்று ஒதுக்கிவையுங்கள். முதலில் எழுத்துத் துண்டு எங்கே முடிகிறது, ஒட்டிய வாய் எங்கே என்று தேடுங்கள். தங்கக்கோட்டுக்கு அடியில் அது இருக்கும். அப்புறம் மேல் வரியில் ஒரு அலிஃபையும், எழுத்துகளுக்கு மேலோ கீழோ இருக்கும் ஒரு சாய்சதுரப் புள்ளியையும் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளியை அலிஃபின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் அடுக்கிப் பாருங்கள். எழுதியவரும் குருவிடம் முதல் நாள் அப்படித்தான் எண்ணினார்.